கண் மூடி, ஒரு கை

முப்பத்தொன்பது கொட்டு.
எண்ணிச் சொன்னது ஆஸ்பத்திரித் தாதி.
கழுத்தில் மட்டும் பதினேழு.
மற்றவை எங்கெங்கே என்று
யோகேஸிடம்கூட முழுதாய்ச் சொல்லவில்லை.

தேனீக்கள்மேல் கோபமில்லை.
பொந்துக்குள் குடித்தனம் இருப்பது தெரியாமல்
கூரையில் சங்கிலி வாளை வைத்தவள் நான்.

வெருலம் மேட்டில், பள்ளிக்கூட வேலியோரத் தைல மரம்.
அறுபதடியில் நான்.
தலைக்குமேல் ஏறுகயிறு,
மரத்தைச் சுற்றி என் இடுப்புக்கு வந்த கயிறு இன்னொன்று.
முதலாவது இறங்கத் தயார்.
இரண்டாவது விடவில்லை.

அதன் வயிற்றில் எஃகு நரம்பு ஓடுகிறது,
வாள் தவறிப் பட்டாலும் சட்டென்று அறாதிருக்க.
அன்றைக்கு அது அறுந்தாக வேண்டியிருந்தது.
கைவாளால் இழுத்தேன். மேலுறை பஞ்சாய்ப் பறந்தது,
நரம்பு பல்லைக் காட்டியது.
கொக்கியோ மூன்று அசைவு கேட்கும் கொக்கி:
தூக்கு, திருப்பு, தள்ளு.
என் எடை முழுக்க அதில் தொங்கும்போது
ஒன்றுக்கும் மசியாது.
கயிற்றை நீட்டிக் கொடுக்கும் பிடிக்குள்
கடுகளவு பட்டைத் துணுக்கு
போய் உட்கார்ந்திருந்தது.

கீழே ம்துன்ஸி கத்தினான்.
பதினோரு வருடமாய்க் கேட்கிற ஜூலு,
அந்த நேரம் ஒரு சொல்கூடப் புரியவில்லை.
முட்டியை மரத்தில் ஊன்றி
உடம்பை ஒரு சாண் உயர்த்தினேன்.
எப்படி என்று கேட்காதீர்கள்.
அப்போதுதான் திறந்தது கொக்கி,
இவ்வளவு நேரம் கதவு தட்டியதே
காதில் விழாதவன் மாதிரி.

முதலாளி பழக்கூடை அனுப்பினார்.
சம்பளத்தில் கயிற்றின் விலையைப் பிடித்துக்கொண்டார்.

வீக்கம் வடிந்த ஞாயிறு
கார் ஷெட் உத்தரத்தில் தொங்கினேன்.
சமையலறைத் துண்டால் கண்ணைக் கட்டினான் யோகேஸ்.
மஞ்சள் வாசனை.
கைபேசியில் நொடிகள் ஓடின.

முதலில் கத்தி. மார்புப் பட்டையில், இடப்பக்கம்.
எஃகில்லாத கயிறு, விறைத்து நின்ற கயிறு,
தொட்டதும் வெடித்துப் போனது. நான்கு நொடி.
சரிதான்.
பக்கத்திலேயே விறைத்து நிற்கும் ஏறுகயிற்றை
இது வேறு என்று
இருட்டில் கத்திக்கு யார் சொல்வது?

அடுத்தது முடிச்சு. மெல்லிய கயிற்றில் ஐந்து சுற்று;
தலையில் அழுத்தினால் எடையோடே நழுவ வேண்டும்.
நழுவியது. ஒன்பது நொடி.
தோட்டக் குழாயால் நனைத்துப் பார்த்தோம்.
இருபத்தாறு. ஒரு நகம் போனது.

பிறகு, டர்பனில் பாய்மரப் படகுச் சாமான் கடையில்
கெஞ்சி விலை குறைத்து வாங்கிய கொக்கி.
நாடாவை இழுத்தால்
எவ்வளவு எடை தொங்கினாலும் வாய் பிளக்கும்.
இரண்டே நொடி.
"சரி, கிளை ஒன்று அந்த நாடாவை இழுத்தால்?"
துடைப்பக் கட்டையால் அதையும் செய்து பார்த்தான்.
தரையில் மெத்தை போட்டிருந்தது நல்லதாயிற்று.

நாடாவைச் சுருக்கி ஒரு தோல் உறைக்குள் தள்ளினேன்,
கை நுழைந்தால் மட்டும் எட்டும்படி.

"நான் ஒரு தரம்" என்றான்.
கணக்கெழுதி வளர்ந்த உடம்பு.
தொங்கவிட்டுக் கண்ணைக் கட்டினேன்.
சிரித்துக்கொண்டே தேடினான்.
சிரிப்பு நின்ற பிறகும் தேடினான்.
நாற்பதாவது நொடியில் என்னைக் கூப்பிட்டான்.
கோகி இல்லை.
கோகிலாம்பாள்,
கல்யாணப் பதிவில் இருக்கிற மாதிரி.

இறக்கிவிட்டேன்.
ஒன்றும் பேசாமல் உள்ளே போய்
கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினான்.

திங்கள், விடியாத ஐந்து மணி.
பையைத் தூக்கும்போது உறை கொஞ்சம் புடைத்திருந்தது.
உள்ளே, நாடா நுனியில்,
மகளின் முதல் சைக்கிளின் கைப்பிடி ரப்பர்,
பாதியாய் வெட்டி, தூண்டில் நரம்பால் இறுக்கி.
ரோஸ் நிறம். மேடு மேடாய் வரிகள்.
உலகத்தில் வேறெதுவும் அப்படித் தட்டுப்படாது.

வாசலில் நின்று கண்ணை மூடினேன்.
கை தானாகப் போனது.
தெருமுனையில் ம்துன்ஸி
இரண்டாவது முறை ஹாரன் அடித்தான்.